குணசேகரனுக்குப் பின்னால் தொங்கிய துணி

கல்லணையைத் தாண்டியதும் காவிரி கிளை கிளையாகப் பிரிந்து, வளைந்து நெளிந்து, கோணல்மாணலாகக் கடலுக்குப் போகிறதே, அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அதை நேராக்கும் வேலையை யாரும் குணசேகரனிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கல்லணைப் பக்கம் நாலு கிளிப், பூம்புகார் பக்கம் நாலு கிளிப் போட்டு இழுத்துக் கட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, டீ ஆறுவதற்குள் நூல் பிடித்த மாதிரி ஆக்கியிருப்பார். ஆற்றில் தண்ணீர் வருகிற வருஷமாக இருந்தால் தெளிக்கிற வேலையும் மிச்சம்.

இப்படி அடித்துச் சொல்லித் திரிந்தவள் வானதி. குணசேகரனின் ஒரே மகள், வயது பதினேழு, பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். அப்பா வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவில், முதலாளி உள்ளே இருக்கும்போதே வாசலில் ‘இன்று விடுமுறை’ என்று எழுதி ஒட்டிவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பேர்வழி. அவள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் குத்தாலம் கடைத்தெரு நம்பும். ஆனால் அப்பாவைப் பற்றி அவள் சொன்னதில் கழிக்க அதிகம் இல்லை. போட்டோவுக்குப் பின்னால் தொங்கவிடுகிற துணியில் சுருக்கம் எடுக்க, அந்தப் பக்கத்தில் குணசேகரனை விட்டால் ஆள் கிடையாது.

அந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. புயல் கொண்டுவந்து போட்டது. வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். கஜா அடித்த ராத்திரி அத்தனை மரமும் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்துவிட்டன. வீட்டுக் கூரை எந்த ஊருக்குப் போனதென்று இன்றுவரை தகவல் இல்லை. இடிந்த சுவருக்குள்ளிருந்து மனைவி ஜெயபாரதி தோண்டியெடுத்த கல்யாண ஆல்பத்தில் பக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிய அப்பளக் கட்டு மாதிரி ஆகியிருந்தது. பிரித்தால் மாப்பிள்ளையின் மூக்கு பெண்ணின் நெற்றியோடு போனது. அதை அங்கேயே போட்டுவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு குத்தாலம் வந்தார். முபாரக் தன் ஸ்டூடியோவில் லைட் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

முதல் வேலையே ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் மாட்டிய துணி கசங்கிக் கிடந்தது குணசேகரன் கண்ணை உறுத்தியது. மண்டபத்துச் சமையல்காரரிடம் இஸ்திரிப்பெட்டி வாங்கி வந்து, வேட்டியைத் தேய்க்கிற நினைப்பில் அழுத்தி ஒரு இழு இழுத்தார். பாலியெஸ்டர் துணி. பெட்டியைத் தூக்கினால், பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை, அதன் வழியாகப் பந்தி நடக்கிற இடம் தெளிவாகத் தெரிந்தது. வேறு துணி கிடையாது. குணசேகரன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தோளைப் பிடித்து ஓட்டைக்கு நேராக நிறுத்தி, “எது நடந்தாலும் இங்கேருந்து அசையக் கூடாது, கேமரா செட்டிங்கு அப்படி” என்று சொல்லிவிட்டார். தாய்மாமன் கூப்பிட்டும் அவர்கள் அசையவில்லை. என்ன ஒட்டுதல் பாருங்களேன் என்று ஊரே மெச்சியது.

மறுநாள் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தார். முபாரக் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, “ஓட்டை போடுறதுக்கு யாரும் வருவாங்கண்ணே. மறைக்கத் தெரிஞ்ச ஆளு கிடைக்கிறது கஷ்டம்” என்றான்.

அதற்குப் பிறகு குணசேகரன் இஸ்திரிப்பெட்டியைத் தொடவில்லை. துணியைக் குழாயில் மாட்டி, அடியில் இன்னொரு குழாயைக் கனத்துக்குச் செருகி, ஓரங்களைக் கிளிப் போட்டு இழுத்து, ஈரம் தெளித்துத் தொங்கவிடுவார். அடங்காத இடத்துக்கு மட்டும் பின்பக்கமாக ஆவி காட்டி, முன்பக்கம் உள்ளங்கையால் நீவுவார். சுருக்கத்துக்கெல்லாம் பேர் வைத்திருந்தார். குறுக்கே போனால் வரப்பு. நெடுக்கே போனால் வாய்க்கால். கண்டபடி சுருட்டி வைத்ததால் வந்த சில்லறைக் கசங்கலுக்கு நண்டு வளை. வளைகாப்புக்குப் போட்டோ எடுக்க வந்த ஒரு அம்மாள், “எங்க முகத்துக்கும் இதுமாதிரி எதாவது பண்ண முடியுமா?” என்று கேட்டபோது, “கிளிப்பு வலிக்கும் ஆச்சி” என்றார்.

அந்த ஸ்டூடியோவில் நீலத் துணி ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ அதை எடுக்கமாட்டார்கள். யாராவது படுத்த படுக்கையாகி, இனிமேல் எழமாட்டார் என்று தெரிந்தால், வீட்டுக்காரர்கள் ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்புவார்கள். செத்த பிறகு மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டுமே. படத்திறப்பு அன்றைக்குத் திரையை விலக்கினால் முகம் முகமாக இருக்க வேண்டாமா. குணசேகரன் நீலத் துணியைச் சுருட்டி டிவிஎஸ் வண்டியில் குறுக்கே வைத்துக்கொண்டு கிளம்புவார். டீக்கடையில் பேச்சு நிற்கும். “நீலம் போவுது. யாருக்காம்?” என்று ஒருவர் கேட்பார். மற்றவர் தெருப் பேரைச் சொல்வார்.

படுத்திருப்பவரிடம் விஷயத்தைச் சொல்ல முடியாது. அங்கேதான் குணசேகரனின் இரண்டாவது திறமை. பொய். ரேஷன் அட்டையைப் புதுசாகத் தருகிறார்கள் என்பார். முதியோர் பென்ஷனுக்கு முகம் கேட்கிறார்கள் என்பார். எட்டு வேலி நிலக்காரரான வைரக்கண்ணு மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது, “ஐயா, பட்டாவுல இனிமே போட்டோ ஒட்டணுமாம்” என்று எடுத்துவிட்டார். வைரக்கண்ணு எழுந்து உட்கார்ந்து, தலை சீவச் சொல்லி, “எந்தப் பயலுக்கு எம்மேல சந்தேகம்?” என்று கேட்டார். இன்றைக்கும் அந்த வீட்டுக் கூடத்தில், மாலைக்கு நடுவே, கேஸ் ஜெயிக்கப் போகிறவர் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பொய்களால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று குணசேகரன் நினைத்தார். ஒருமுறை மட்டும், திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “அந்தாளு என் கையைப் பிடிச்சு, கார்டு வந்தா நீயே கொண்டாந்து குடுப்பான்னு சொன்னாரு பாய்” என்று முபாரக்கிடம் சொன்னார். பிறகு வண்டியை எடுத்தார்.

ஆடியில் குணசேகரனுக்கே சோறு இறங்காமல் போனது. ஆவணியில் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. தஞ்சாவூரில் பெரிய டாக்டர் ஸ்கேன் படங்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஜெயபாரதியையும் வானதியையும் வெளியே கூப்பிட்டார். “வீட்ல வச்சுப் பார்த்துக்குங்க. பிடிச்சதைக் குடுங்க.” அவ்வளவுதான் சொன்னார். தமிழ்நாட்டில் இந்த இரண்டு வரிக்கு யாரும் அகராதி தேடமாட்டார்கள்.

குணசேகரனிடம் குடலில் புண் என்று சொன்னார்கள். அவர் நம்பினார், அல்லது நம்புகிற மாதிரி இருந்தார். தை பிறந்தால் கல்யாணம் வரிசை கட்டும், அதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வானதி ஸ்டூடியோவில் அப்பா வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் அவள் வந்ததும் அவர் கேட்பது, இன்றைக்கு எந்தத் துணி போட்டீர்கள், ஈரம் காய்ந்ததா, எலி எதையும் கடித்ததா. கஞ்சி உள்ளே போகவில்லை. தை வரும் என்ற நினைப்பு மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கார்த்திகை அடைமழையில் ஒரு மத்தியானம், ஜெயபாரதி மகளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அப்பாவுக்குப் படம் ஒண்ணுகூட இல்லடி.”

வானதிக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஆயிரம் கல்யாணத்தில் நின்றவர், எப்போதும் லைட்டுக்குப் பின்னால் நின்றவர். ஆதார் அட்டையில் இருந்தது, சைக்கிள் திருடி மாட்டிக்கொண்டவன் முகம். வானதியின் போனில் நிறைய இருந்தன. எல்லாம் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது எடுத்து, கொம்பும் மீசையும் வரைந்தவை. அதற்கு யார் மாலை போடுவது?

“பாய் மாமா ஆதார் தலையை வெட்டி கோட்டு சூட்டு உடம்புல ஒட்டித் தருவாரும்மா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

“கோட்டு போட்ட எவனுக்கோ நான் தெனம் வெளக்கேத்தணுமா?”

“அப்ப இங்கேயே எடுக்கச் சொல்றேன்.”

“எப்படிடி? நீலத்தைக் கொண்டாந்து மாட்டினா அந்த மனுசனுக்குத் தெரியாதா? அவர் சொல்லாத பொய்யா? தை மாசம்னு சொல்லித்தான் உசிரை இழுத்துப் பிடிச்சிருக்காரு. நாம கைவிட்டுட்டோம்னு தெரிஞ்சா அன்னைக்கே வுட்டுருவாரு.” ஜெயபாரதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்த அறையில் அவர் இருமினார்.

வானதி அரிசி டப்பாவை இறுக்கி மூடி வைத்தாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறாள். வாத்தியார் நாற்காலியில் அரிப்பெடுக்கும் பூனைக்காலி தடவியதில் தொடங்கி எல்லாமே மாட்டிக்கொண்டாலும் சிரித்துவிட்டுப் போகிற ரகம். இது மாட்டக் கூடாத ரகம்.

“டெஸ்ட் ஷாட்டுன்னு சொல்லுவோம்” என்றாள்.

புதுத் துணி வந்தால் அதன் முன்னால் முதலில் உட்காருவது குணசேகரன்தான். நிறம் எப்படி விழுகிறது என்று பார்க்க, முபாரக் அவரை வைத்து இரண்டு படம் எடுப்பான். பார்த்ததும் அழித்துவிடுவான். ஆகவே ஒரு புதுத் துணி வேண்டும். முபாரக்கிடம் சொன்னபோது அவன் மறுபேச்சுப் பேசாமல் போனை எடுத்து ஆர்டர் போட்டான்.

கூரியரில் வந்த துணி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் செங்கல் மாதிரி இறுக்கி மடித்திருந்தார்கள். வானதி அதை விரித்துத் தொங்கவிட்டாள். துணி முழுக்க நேர்நேராக வரப்பும் வாய்க்காலும். அண்ணாந்து பார்த்தால் நாற்று நடத் தயாரான வயல்.

“பின்னாடி மங்கலாத்தான் விழும், விடு” என்றான் முபாரக்.

“எங்க வீட்டு ரூம்ல எங்கேருந்து மாமா மங்கலா விழும்? சுவத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல பூனை போகாது. துணி முதுகுல ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கும்.”

அவள் ஈரம் தெளித்தாள், அடியில் குழாய் செருகினாள், கிளிப் போட்டு இழுத்தாள். வெளியே மழை நிற்காமல் பெய்தது. ஈரம் காயவில்லை. பெரிய மடிப்புகள் மெல்ல அடங்கின. நடுவில் வரப்பும் வாய்க்காலும் வெட்டிக்கொள்கிற ஒரு இடம் மட்டும் அடங்கவே இல்லை. கணக்குப் பார்த்தால் அப்பாவின் தலை சரியாக அங்கேதான் வரும். அம்மா தினமும் விளக்கேற்றிவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் அந்தச் சிலுவை மடிப்பைப் பார்ப்பாள். வருஷக்கணக்காகப் பார்ப்பாள். வானதி பின்பக்கம் ஆவியைக் காட்டி, முன்பக்கம் கையை வைத்து அழுத்தினாள். உள்ளங்கை வெந்தது. கையை உதறிவிட்டு மறுபடி வைத்தாள். கரண்ட் போனது. வரும்வரை துணிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். வந்ததும் மறுபடி தொடங்கினாள்.

சாயங்காலம் முபாரக் வந்து பார்த்தபோது துணி, கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் நின்றது. பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி, மேலே தார்ப்பாய் சுற்றி வைத்தார்கள். மடிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. வானதி குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, உங்க முதலாளி புதுத் துணி ஒண்ணு வாங்கியிருக்காரு. சாணிக் கலரு. திருப்பி அனுப்புங்கன்னு சொன்னா கேட்கமாட்டேங்கிறாரு. நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

குணசேகரன் தலையணையில் சாய்ந்திருந்தார். கண் மட்டும் பழைய கண். “ஏன், ஸ்டூடியோவுல உட்கார ஆளில்லையா?”

“கறுப்பா ஒரு ஆளு வேணுமாம்ப்பா. குத்தாலம் பூரா தேடிட்டோம். உங்க அளவுக்குக் கறுப்பா எவனும் சிக்கல.”

அவர் சிரித்தார். சிரிப்பு வயிற்றில் போய் இடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “இவளை மொதல்ல திருப்பி அனுப்பு பாய்” என்றார்.

முபாரக்கும் சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து ஸ்டாண்டைப் பிரிக்கத் தொடங்கியவன், ரொம்ப நேரம் நிமிரவில்லை.

கட்டிலை நகர்த்தி, இரண்டு ஸ்டாண்டை நிறுத்தி, துணியை மாட்டினார்கள். முபாரக்கும் ஜெயபாரதியும் இரண்டு பக்கமும் தாங்கி அவரைப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றினார்கள். தூக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தார். ஜெயபாரதி வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். போன பொங்கலுக்கு எடுத்தது.

“இது எதுக்கு?”

“போட்டிருக்கிறது வாடை அடிக்குதுங்க. துவைக்கப் போடணும்.”

சட்டைக்குள் இன்னொரு ஆள் புகலாம் போலிருந்தது. வானதி முதுகுப் பக்கம் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இரண்டு கிளிப் போட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் பழைய குணசேகரன் கொஞ்சம் தெரிந்தார்.

“பாய், லைட்டை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளு. இல்லாட்டி மூக்கு நெழலு கன்னத்துல விழும்.”

“சரிண்ணே.”

“லைட்டுக் குடையைக் கொஞ்சம் சாய்.”

“சரிண்ணே.”

ஜெயபாரதி சீப்பு எடுக்க உள்ளே போனாள். முபாரக் கேமராவில் எதையோ திருகிக்கொண்டிருந்தான். குணசேகரன் நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக உடம்பைத் திருப்பினார். துணியை மேலிருந்து கீழே பார்த்தார். கையை நீட்டித் தொட்டார். விரல் நுனியால் நெடுக்கே ஒருமுறை போனார், குறுக்கே ஒருமுறை போனார். நடுவில், தன் தலைக்கு நேரான இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

“பிடிக்கலைன்னா கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துடலாமா இதை?”

“ஆமாப்பா. அதுக்குத்தானே டெஸ்ட்டு.”

“ம்.”

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் தடதடவென்று விழுந்தது. அவர் மகளைப் பார்க்காமல், துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“மடிப்பு எங்க பாப்பா?”

வானதி வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“புதுத் துணியை டெஸ்ட்டு எடுக்கும்போது என்னிக்கு மடிப்பு எடுத்திருக்கோம்? தண்ணி பட்டா கடைக்காரன் வாங்குவானா? உறையிலேருந்து உருவி அப்படியே மாட்டி, வரப்பும் வாய்க்காலுமா வச்சுத்தான் எடுப்போம். மடிப்பெடுத்தா அது டெஸ்ட்டு இல்ல.”

வானதி வலது கையை முதுகுப் பக்கம் இழுத்துக்கொண்டாள். முபாரக் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்தான். குணசேகரன் அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் கொப்புளம் வரிசையாக எழும்பி, இரண்டு உடைந்திருந்தன. அவர் அதையும் துணியைப் பார்த்த மாதிரியே பார்த்தார்.

“பின்பக்கமா ஆவி காட்டினா, கையில ஈரத் துண்டைச் சுத்திக்கணும்.” கையை விட்டார். “தேங்காண்ணெ போடு.”

“அப்பா…”

“அம்மா வர்றா.”

ஜெயபாரதி சீப்போடு வந்தாள். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன பேசிக்கிட்டிருக்கீங்க?”

குணசேகரன் மூச்சு வாங்கிக்கொண்டு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். “உன் மக வேலையைத்தான். மடிப்பு அப்படியே கெடக்கு. டெஸ்ட்டுக்கு இது போதும்னு மாட்டியிருக்கா. தையில வந்து நான்தான் எடுக்கணும் போலிருக்கு.”

ஜெயபாரதி துணியை மேலும் கீழும் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். “எங்கங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“உனக்குத் தெரியாது” என்றார் குணசேகரன். தலை சீவ வசதியாக முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, கண்ணை லைட்டின் மேல் வைத்துக்கொண்டார். “அவளைக் கேளு. அவளுக்குத் தெரியும்.”